காரைக்குடித் தோப்பில் கார்பன் அம்புகள்: தேர்வும் பொருத்தமும் பயன்பாடும்

காம்பவுண்ட் வில்லுக்கு, அதாவது முனைகளில் சக்கரங்கள் கொண்ட வில்லுக்கு, கார்பன் அம்பு வாங்க நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது விலையை அன்று, பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் நேர்மை அளவையும் (தண்டு எவ்வளவு நேராக இருக்கிறது என்பதை) அன்று. தண்டின் விறைப்பைக் குறிக்கும் ஸ்பைன் எண்ணைத்தான். காரைக்குடிக்கு அருகே எங்கள் குடும்பத் தோப்பில் சில ஆண்டுகளாக ஒரே வகைத் தண்டுகளைக் கொண்டு எய்து வந்ததில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து இது. என் வில்லின் இழுவிசை 55 பவுண்டு, இழுப்பு நீளம் 28.5 அங்குலம்; அம்பு 28 அங்குலம், 400 ஸ்பைன், முனை 100 கிரெய்ன் (சுமார் 6.5 கிராம்).

இணையத்தில் இது பற்றிக் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பகுதி அமெரிக்காவில் உரிமம் பெற்று மான் வேட்டையாடுபவர்களுக்காக எழுதப்பட்டது. கனத்த அம்பு, முன்பாரம், அகன்ற கத்திமுனை என்று அவர்கள் வலியுறுத்துவதெல்லாம் அம்பு உடலில் ஆழமாக இறங்குவதற்காக. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடம் தரவில்லை. வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கும் வெடி வெடிக்காத ஊர்கள் எங்கள் மாவட்டத்தில் இருக்கின்றன. எனக்கும் வேறு எண்ணம் இல்லை. நான் எய்வது நுரை இலக்கில் மட்டுமே. ஆகவே அந்த ஆலோசனைகளில் கத்திமுனையையும் கனத்தையும் ஒதுக்கிவிட்டு, அம்பை ஒழுங்குபடுத்தும் முறையை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஸ்பைன் எண் எப்படி வருகிறது என்பதை அறிந்தால் தேர்வு எளிதாகும். தண்டை 28 அங்குல இடைவெளியில் இரு தாங்கிகள் மேல் வைத்து, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிடுகிறார்கள். அது எத்தனை ஆயிரத்தில் ஓர் அங்குலம் வளைகிறதோ அதுவே எண். 400 என்றால் 0.4 அங்குல வளைவு. ஆகவே எண் குறையக் குறைய விறைப்பு கூடும். ஆனால் எய்யும்போது தண்டு காட்டும் விறைப்பு இந்த எண்ணோடு முடிந்துவிடுவதில்லை. தண்டை வெட்டிக் குறைத்தால் அது விறைப்பாக நடந்துகொள்ளும். முனையின் எடையைக் கூட்டினால் தளர்வாக நடந்துகொள்ளும். கடைக்காரர் வில்லோடு சேர்த்துக் கொடுத்த 500 ஸ்பைன் அம்புகளை இழுத்துக் கட்டிய தாளின் ஊடாக எய்து பார்த்தபோது அவை பக்கவாட்டுக் கிழிசலையே காட்டின. வில்லில் அம்பு தங்கும் தாங்கியான ரெஸ்ட்டை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் அது முழுதாக மறையவில்லை. 400க்கு மாறிய பிறகு, சிறிய திருத்தத்திலேயே கிழிசல் ஒற்றைத் துளையாகச் சுருங்கியது.

தண்டுகள் முழு நீளத்தில்தான் வருகின்றன. முழு இழுப்பில் அம்பு ரெஸ்ட்டுக்கு முன்னால் குறைந்தது ஓர் அங்குலமாவது நீண்டிருக்க வேண்டும். கையின் பாதுகாப்புக்கான கணக்கு இது, இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. வெட்டுவதற்கு வேகமாகச் சுழலும் தேய்ப்புச் சக்கரம் வேண்டும். குழாய் வெட்டும் கருவி இழைகளை நசுக்கிப் பிளந்துவிடும். கார்பன் தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதால் முகக்கவசம் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. வெட்டிய முகம் தண்டுக்குச் செங்குத்தாக இருக்கும்படி தேய்த்துச் சரிசெய்வதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது சாய்ந்திருந்தால் இன்சர்ட் (முனையைத் திருகுவதற்காகத் தண்டுக்குள் ஒட்டும் துண்டு) சாயும், முனையும் சாயும். இன்சர்ட்டை மெதுவாக இறுகும் எபாக்ஸி கொண்டு ஒட்டுகிறேன். அம்பின் பின்புறச் சிறகுகளான வேன்களைப் பொறுத்தவரை இரண்டு அங்குலத்தில் மூன்று, சிறு சாய்வோடு ஒட்டினால் போதுமானது.

எடையைப் பார்க்கத் தங்கம் நிறுக்கும் சிறிய மின்னணுத் தராசு மிகப் பொருத்தமாக அமைந்தது. ஒரு கிரெய்ன் என்பது 0.0648 கிராம். என் அம்பு ஒன்று சுமார் 393 கிரெய்ன், அதாவது 25.5 கிராம்; இழுவிசையின் ஒவ்வொரு பவுண்டுக்கும் ஏறக்குறைய 7 கிரெய்ன். ஐந்துக்குக் கீழே போனால் அம்பில்லாமல் நாணை விடுவதற்கு நிகரான அதிர்ச்சி வில்லின் மேல் விழத் தொடங்கும். சமநிலைப் புள்ளி நாக்கிலிருந்து (அம்பின் பின்முனையில் நாண் பொருந்தும் பிளவு) 17.2 அங்குலத்தில் விழுவதால் முன்பாரம், அதாவது அந்தப் புள்ளி அம்பின் நடுவிலிருந்து முன்னே தள்ளியிருக்கும் தூரம், அம்பின் நீளத்தில் 11 விழுக்காட்டுக்குச் சற்று மேல் வருகிறது. 125 கிரெய்ன் முனையைத் திருகினால் அது 14 விழுக்காட்டை நெருங்கும். காற்று வீசும் நாட்களில் அதற்குப் பயன் உண்டு, ஆனால் தண்டு தளர்வாக நடந்துகொள்வதையும் சேர்த்துக் கணக்கில் கொள்ள வேண்டும்.

தாள் சோதனையை வீட்டின் இரண்டாம் கட்டில், கதவுகளைத் தாழிட்டுக்கொண்டு செய்கிறேன். சட்டத்தில் இழுத்துக் கட்டிய தாளை இரண்டு மீட்டர் தொலைவில் நிறுத்தி, அதன் பின்னால் தடித்த நுரை இலக்கு வைத்தால் போதும். பழைய வீடுகளின் கட்டுகள் இதற்கென்றே அமைந்தவை போல, காற்றும் இல்லை, வெளிச்சமும் சீராக இருக்கிறது.

எங்கள் பக்கத்து வெயில்தான் கார்பனுக்குச் சோதனை. நேர்மையை அது கெடுப்பதில்லை. அலுமினியம் போல இது வளைந்து நின்றுவிடும் பொருளும் அன்று. ஆனால் பூட்டிய காருக்குள் நண்பகலில் அம்புகளை விட்டால் முன்பு இன்சர்ட்டை ஒட்டப் பயன்படுத்திய, சூட்டில் உருகும் பசை இளகி, எய்த பின் முனை இலக்குக்குள்ளேயே தங்கிவிடுகிறது. எபாக்ஸிக்கு மாறியதற்கு இதுவே காரணம். சித்திரை, வைகாசியில் இலக்கின் நுரையும் உராய்வுச் சூட்டில் தண்டோடு ஒட்டிக்கொள்கிறது. தண்டின் முன்பகுதியில் உலர்ந்த சோப்பைத் தேய்த்தால் இழுப்பது எளிது.

தவறி விழும் அம்பு எங்கள் தோப்பின் சரளையில் மோதும்போது கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழலாம். விரிசல் விழுந்த கார்பன் தண்டு நாண் விடுபடும் கணத்தில் உடைந்து, சிலாம்புகள் வில்லைப் பிடித்திருக்கும் கையில் ஏறும். ஆகவே ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் தண்டின் இரு முனைகளையும் பிடித்து, முகத்திலிருந்து விலக்கி, மெல்ல வளைத்துச் சுழற்றிப் பார்க்கிறேன். ‘நறநற’ என்ற சிறு ஒலி கேட்டாலும் அந்த அம்பை இரண்டாக உடைத்துப் போட்டுவிடுகிறேன், யாரும் மறதியாக எடுத்துவிடக் கூடாது என்பதற்காக. நாக்குகளையும் அப்படியே நகத்தால் தடவிப் பார்த்து மாற்றிவிடுகிறேன், அவை மலிவானவை.

நேர்மை அளவு பற்றிக் கேட்பவர்களுக்கு: 0.003 அங்குலத் தண்டுகளையும் 0.006 அங்குலத் தண்டுகளையும் கலந்து 50 மீட்டரில் எய்து பார்த்ததில் என் கைக்கு வேறுபாடு தெரியவில்லை. போட்டியில் இறங்குபவருக்கு அது தெரியலாம். பயிற்சிக்காக வாங்குபவர் 0.006 தண்டுகளை எடுத்துக்கொண்டு, மிச்சப்படும் பணத்தில் முகம் தேய்க்கும் கருவியும் நல்ல எபாக்ஸியும் கூடுதல் நாக்குகளும் வாங்கலாம். அடுத்த தொகுதியை நான் அப்படித்தான் வாங்கப்போகிறேன்.