அம்மா சுருட்டி வைத்த சிவப்புக் கயிறு

கோவையில் வடவள்ளியைத் தாண்டி, தொண்டாமுத்தூர் போகும் வழியில் ஒரு முதியோர் குடியிருப்பு. அப்பாவும் அம்மாவும் அங்கே குடிவந்து 14 மாதம் ஆகிறது. உடுமலைப்பேட்டை வீட்டைப் பூட்டிவிட்டு அவர்கள் கிளம்பிய நாளில் நான் மெல்போர்னில் இருந்தேன். வீடியோ அழைப்பில் பார்த்ததோடு சரி. இந்த முறை மூன்று வாரம் விடுப்பு போட்டு, அங்கேயே விருந்தினர் அறை எடுத்துத் தங்கினேன். அப்பா அம்மாவை இப்படி ஓர் இடத்துக்கு அனுப்பலாமா என்று தூக்கம் கெட்டுக் கிடக்கும் பிள்ளைகள் என்னைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 74 வயது. ஐம்பது வருடம் விடிவதற்கு முன் எழுந்து அடுப்படியில் நின்றவர். இப்போது ஏழரை மணிக்குச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனால் இட்லி ஆவி பறக்க இருக்கிறது. "தட்டைக்கூட நான் கழுவ வேண்டியதில்ல கண்ணு" என்று வந்த அன்றைக்கே சொன்னார். சாயங்காலம் ஐந்தாறு பெண்களாகச் சேர்ந்து, மருதமலையைப் பார்த்தபடி நாலு சுற்று நடக்கிறார்கள். உடுமலையில் கடைசி இரண்டு வருடம் அம்மாவுக்குப் பேச ஆளில்லை; தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. இங்கே வந்த பிறகு அவர் குரலே மாறியிருக்கிறது. குழாய் ஒழுகினாலும் மோட்டார் ஓடாவிட்டாலும் ஒரு போன் போதும். இதற்காகவே அந்த இடத்துக்கு நான் நன்றி சொல்வேன்.

இன்னொன்றும் பிடித்தது. அப்பா அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வருடா வருடம் ஓய்வூதியத்துக்கு உயிரோடு இருப்பதைக் காட்ட, முன்பெல்லாம் கருவூலத்துக்குப் போய் வரிசையில் உட்கார வேண்டும். இப்போது தபால்காரரே வீடு தேடி வந்து டிஜிட்டல் வாழ்நாள் சான்றிதழ் எடுத்துத் தருகிறார், கட்டணம் 70 ரூபாய். குடியிருப்பு அலுவலகத்தில் எல்லோர் பெயரையும் வாங்கி ஒரே நாளில் வரச்சொல்லியிருந்தார்கள். அப்பாவின் கைரேகை மூன்று தடவை வைத்தும் விழவில்லை. தபால்காரர் பொறுமையாக விரலை ஈரத்துணியால் துடைத்து, தன் கையாலேயே அழுத்திப் பிடித்து, நாலாவது தடவையில் எடுத்துவிட்டுத்தான் எழுந்தார்.

சரி, குறைகளுக்கு வருகிறேன்.

அப்பாவின் குறை சாப்பாடு. பொதுச் சமையலறை முழுக்க சைவம். அது பரவாயில்லை, வீட்டுக்குள்ளும் அசைவம் சமைக்கக் கூடாது என்பது விதி. இந்த வீட்டை வாங்கும்போது யாரும் இதை அழுத்திச் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் எங்கேயோ ஒரு வரியாக இருந்தது. "ஞாயித்துக்கெழமைக்கும் புதன்கெழமைக்கும் வித்தியாசமே தெரியறதில்ல" என்கிறார். 79 வயதில் ஒரு மனிதர் கோழிக்குழம்பு சாப்பிட ஆட்டோ பிடித்து டவுனுக்குப் போய் வருவது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை. கொங்கு நாட்டுக் குடும்பங்கள் இதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது அந்தக் கயிறு. குளியலறையில் கழிப்பறைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கயிறு தொங்கும். ஆபத்து என்றால் இழுத்தால் செக்யூரிட்டி அறையில் மணி அடிக்கும். நான் பார்த்தபோது அதை நாலு சுருட்டாகச் சுருட்டி, துண்டு மாட்டும் கொக்கியில் தோள் உயரத்தில் மாட்டியிருந்தது. கேட்டால், தரை கழுவும்போது நனைந்து அழுக்காகிறது என்று அம்மாவே மாட்டி வைத்திருக்கிறார். வழுக்கி விழுந்து தரையில் கிடப்பவர் கைக்கு அது எப்படி எட்டும்? அதே வரிசையில் இன்னும் மூன்று வீடுகளில் போய்ப் பார்த்தேன். இரண்டில் கயிறு மேலேதான் இருந்தது. மாதம் ஒரு தடவை யாராவது வீடு வீடாகப் பார்த்தாலே தெரிந்திருக்கும்.

மேலாளரிடம் சொல்லிவிட்டு, ஒரு நாள் இரவு 10.20க்கு நானே இழுத்துப் பார்த்தேன். செக்யூரிட்டி நாலு நிமிடத்தில் வந்துவிட்டார். நர்ஸ் வர 11 நிமிடம் ஆனது. இரவில் 120 வீட்டுக்கும் ஒரே நர்ஸ். அந்த நேரத்தில் வேறொரு வீட்டில் சர்க்கரை இறங்கிப்போன ஒரு பெரியவரோடு இருந்திருக்கிறார். ஓடி வந்து மூச்சு வாங்க நின்ற அந்தப் பெண்ணிடம் எனக்குக் கோபமே வரவில்லை. ஆள் எண்ணிக்கையை முடிவு செய்தவர்களிடம்தான் கேள்வி.

ஆம்புலன்ஸ் வளாகத்திலேயே நிற்கிறது. ஓட்டுநர் இரவு எட்டு மணி வரைதான், அதற்கப்புறம் 108. அவினாசி சாலையில் இருக்கும் மருத்துவமனைக்கு மாலை ஆறு மணிக்குக் காரில் போய்ப் பார்த்தேன், 55 நிமிடம் ஆனது. விளம்பரத் தாளில் ‘அருகிலேயே மருத்துவ வசதி’ என்று போட்டிருந்தால், நெரிசல் நேரத்தில் ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது எதிர் வீடு. அங்கே இருக்கும் அம்மாவுக்கு நினைவு தவற ஆரம்பித்து ஆறேழு மாதம். தனியாக இயங்க முடியாதவர் சொந்தச் செலவில் ஆள் வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் காலி செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். மகன் வெளிநாட்டிலிருந்தபடியே ஏஜென்சி மூலம் ஒரு பெண்ணை வைத்திருக்கிறார்; 12 மணி நேரத்துக்கு 900 ரூபாய். ஒடிசாவிலிருந்து வந்த பெண், நல்ல குணம். ஆனால் தமிழ் தெரியாது. அந்த அம்மாவோ தமிழைத் தவிர எல்லாவற்றையும் மறந்துகொண்டிருக்கிறார். தண்ணீர் கேட்கிறாரா, போர்வை கேட்கிறாரா என்று புரியாமல் அந்தப் பெண் ஒவ்வொரு பொருளாக எடுத்துக் காட்டிக்கொண்டிருந்ததை வாசலில் நின்று பார்த்தேன்.

நம் ஊரில் இந்தக் குடியிருப்புகளில் பெரும்பாலானவை நடமாட்டம் இருப்பவர்களுக்காகக் கட்டியவை. நடமாட்டம் நின்ற பிறகு என்ன என்பதைத்தான் முதல் கேள்வியாகக் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. நீச்சல் குளம் இருக்கிறதா என்று கேட்டேன்.

பணக் கணக்கு: பராமரிப்பும் இருவர் சாப்பாடும் சேர்த்து மாதம் 32,000 ரூபாய் சுமாருக்கு வருகிறது, சேவைக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. ஒருவர் காலமாகிவிட்டால் சாப்பாட்டுச் செலவுதான் குறையும், பராமரிப்பு அப்படியே. வீடு பூட்டிக் கிடந்தாலும் கட்டியாக வேண்டும். நாளைக்கு வீடு என் பெயருக்கு வந்தாலும் 55 வயது ஆகும்வரை நான் அதில் குடியிருக்க முடியாது. அந்த வயதைத் தாண்டியவருக்குத்தான் வாடகைக்கும் விடலாம்.

பத்திரம் கட்டுநரோடு, சேவை ஒப்பந்தம் வேறொரு நிறுவனத்தோடு. மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து அந்த நிறுவனம் விலகிக்கொள்ளலாம் என்று இருக்கிறது. மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019இல் வெளியிட்ட ஓய்வுகால இல்லங்களுக்கான மாதிரி நெறிமுறை, கட்டுநர், சேவை நிறுவனம், வாங்குபவர் மூவரும் சேர்ந்து ஒரே ஒப்பந்தம் போடச் சொல்கிறது. அதை முன்பே படித்திருந்தால் கையெழுத்துக்கு முன் கேட்டிருப்பேன்.

இத்தனைக்கும் பிறகு அவர்களை அங்கிருந்து கூட்டிப்போக எனக்கு மனம் இல்லை. அம்மாவின் சாயங்கால நடையைப் பார்த்தவர் யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். என் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று சொன்னேன், "அங்க வந்து நாங்க யாருகிட்டப் பேசறது?" என்று அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். படுக்கையில் விழுந்தாலும் கவனித்துக்கொள்ளும் தனிப் பிரிவு உள்ள இரண்டு இடங்களை இந்த மூன்று வாரத்தில் போய்ப் பார்த்தேன். ஒன்றில் எட்டுப் படுக்கைதான், எட்டிலும் ஆள். பெயரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் பராமரிப்பு ஆளை வரச்சொல்லி, பருத்திக் கயிற்றை எடுத்துவிட்டு, நனைந்தாலும் துடைத்துவிடக்கூடிய பிளாஸ்டிக் கயிறாகத் தரைக்கு ஒரு சாண் மேலே வரை தொங்கவிட்டோம். அந்த வரிசை முழுக்க அப்படி மாற்றச் சொல்லியிருக்கிறது. அடுத்த மாதம் குடியிருப்போர் சங்கக் கூட்டம். இரவுக்கு இரண்டாவது நர்ஸ், இரவு ஓட்டுநர், தமிழ் தெரிந்த உதவியாளர் என்று அப்பா ஒரு வெள்ளைத் தாளில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறார், கரும்பலகையில் எழுதும் அதே கையெழுத்தில். நான் விமான நிலையம் கிளம்பும்போதும் நாலாவதாக ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார்.