பழைய புல்லட் இஞ்சினைப் பிரிக்கக் குடுக்கறதுக்கு முன்னாடி இதைப் படிச்சுப்போட்டுப் போங்க, எனக்கு 46,500 ரூபா போச்சு

ஏனுங்க, காஸ்ட் அயர்ன் (பழைய இரும்பு இஞ்சின்) ராயல் என்ஃபீல்டு புல்லட் வெச்சிருக்கறவங்க தயவு செஞ்சு படிங்க. முந்தாநேத்து நடந்தது, இன்னும் ஆத்திரம் அடங்கலை. கடை பேரைப் போடலை, கோயமுத்தூர்ல பழைய புல்லட்டுக்குன்னே இருக்கற ஒரு ஒர்க்‌ஷாப்.

வண்டி எங்க அப்பாரோடது, 1978 மாடல் 350, வலது கால் கியர். காலைல ஸ்டார்ட் பண்ணுனா பொகையும், சித்தெ நேரத்துல பொகை நின்னுரும். டிப் ஸ்டிக்ல ஆயில் கொறைஞ்ச மாதிரி காட்டும். அவ்ளோதானுங்க கம்ப்ளைண்ட். ஒர்க்‌ஷாப்காரரு ஒரு கிக் அடிச்சுக் கேட்டுப்போட்டு, "ஆயில் சர்க்குலேசனே இல்லீங்க, ரெண்டு பம்பும் போச்சு, பிக் எண்டும் தேஞ்சிருச்சு, இப்படியே ஓட்டுனா சீஸ் ஆயிரும்"னாரு. பிக் எண்டுன்னா பிஸ்டன் ராடு கீழ கிராங்கோட சேர்ற எடமுங்க. பயந்துட்டேன். சரிங்ணா பிரிச்சுருங்கன்னு சொல்லிப்போட்டு வந்துட்டேன்.

ஒன்றரை மாசம் கழிச்சு வண்டி எடுக்கப் போன அன்னைக்கு அவரு பண்ணுனதை நெனைச்சாத்தான் வயிறு எரியுது. இஞ்சினை ஓட விட்டு, இஞ்சின் தலைல வால்வைத் தட்டுற ராக்கருக்குப் போற ஆயில் பைப்போட போல்ட்டை லேசா லூஸ் பண்ணுனாரு, ஆயில் பொங்கி வழிஞ்சுது, "தொட்டுப் பாரு கண்ணு, உங்க அப்பாரு வண்டின்னா எனக்கும் அப்பாரு வண்டிதான்"னாரு. எனக்குக் கண்ணே கலங்கிப்போச்சு. அங்கயே நின்னு ஜிபே பண்ணுனேன், 46,500.

பல்லடம் வரைக்கும் அம்பதுலயே வந்தேன். குண்டடம் வர்றதுக்குள்ள அடியில இருந்து கடகடன்னு சத்தம், நிறுத்தறதுக்குள்ள இஞ்சினே பிடிச்சுக்குச்சு. வண்டியை டெம்போல ஏத்தி தாராபுரத்துல அப்பாரு காலத்து மெக்கானிக் ஒருத்தர்கிட்ட எறக்குனேன். அவரு பம்பு இருக்கற பக்கத்து மூடி, அதான் டைமிங் கவரு, அதைக் கழட்டிக் காமிச்சாருங்க. கேஸ்கெட் பேஸ்ட்டை அப்பி வெச்சு ஆயில் ஓட்டை பாதி அடைஞ்சிருக்கு, கிராங்குக்கு ஆயில் போற எடத்துல இருக்க வேண்டிய கார்க் சீல் நசுங்கிக் கெடக்கு, ஆயிலை வடிகட்டுற ஃபெல்ட் ஃபில்ட்டர் அதே பழைய கருப்பு. பில்லுல புதுசுன்னு போட்ட பம்பும் பழசேதான், பெட்ரோல்ல கழுவி மாட்டியிருக்காங்க. அந்த கார்க் சீல் சரியா ஒக்காரலைன்னா பம்பு தள்ளுற ஆயில் பிக் எண்டுக்குப் போகாம பக்கவாட்டுல கசிஞ்சு கீழ விழுந்துருமாம், மேல ராக்கர்ல ஆயில் வருதேன்னு பாத்தா கீழயும் போகுதுன்னு அர்த்தம் இல்லையாம். நான் தொட்டுப் பாத்து நம்புன ஆயில் அதானுங்க.

இதைவிடக் கொடுமை, மொதல்ல இருந்த கம்ப்ளைண்ட் ஒரு கம்ப்ளைண்டே இல்லையாம். இந்த இஞ்சின்ல ஆயில் டேங்க் கிராங்க் கேஸோட ஒட்டியே இருக்கறதுனால வண்டி சும்மா நின்னா ஆயில் மெதுவா உள்ள எறங்கிரும், அதான் காலைப் பொகையும் டிப் ஸ்டிக்ல காட்டுன கொறைச்சலும், சித்தெ ஓடுனா ரிட்டர்ன் பம்பு திருப்பி ஏத்திரும். நல்லா இருந்த இஞ்சினைப் பிரிக்கறதுக்கு 46,500 குடுத்திருக்கேன். எனக்குப் பொக்குனு போச்சு.

அந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போன் பண்ணுனா மொதல் நாள் "வேகமா ஓட்டியிருப்பீங்க". சாயந்தரம் "ஆயில் ஊத்தாம ஓட்டியிருப்பீங்க". அடுத்த நாள் ஒரு பையன் எடுத்து அண்ணன் ஊட்டி போயிருக்காருங்கறான். போட்டோ எல்லாம் அனுப்புனேன், ப்ளூ டிக் விழுந்துது, பதிலைக் காணோம். கடைசியா "வேற ஆள் கை வெச்சுட்டாங்க, இனி எங்க பொறுப்பு இல்லீங்க"ன்னு ஒரு வாய்ஸ் மெசேஜ். அவங்க கை வெச்சதுக்குத்தானே நான் 46,500 குடுத்தேன்? பம்புக்குப் பேர் போன ஊர்ல ஒரு ஆயில் பம்பை நேர்மையா மாட்டத் தெரியாதா?

எப்படிச் செக் பண்றதுன்னு வெவரமா எழுதலாம்னுதான் ஒக்காந்தேன், இப்ப மனசு ஒரு நெலைல இல்லை. ஆயிலை ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து அளங்க, ராத்திரி நின்ன வண்டில அளந்து பயப்படாதீங்க, மேல ஊத்திக்கிட்டே இருக்காதீங்க. பழைய பார்ட்டைக் கையில வாங்காம பணம் குடுக்காதீங்க. டைமிங் கவர் மூடும்போது கூட நில்லுங்க, இந்த வண்டில ஆயில் லைட் கெடையாது, சத்தம் வர்றப்ப எல்லாம் முடிஞ்சிருக்கும்.

இஞ்சின் இப்ப தாராபுரத்துல சாக்கு மேல பிரிச்சுக் கெடக்கு. திங்கக்கிழமை பில்லு, கார்க் சீலு, தேஞ்ச பிக் எண்டு புஷ்ஷு மூணையும் எடுத்துட்டு நேர்லயே போறேன், என்ன சொல்றாங்கன்னு வந்து போடறேன்.