வெள்ளக் காலத்தில் மக்கள் மனதைக் கேட்பது: வாட்ஸ்அப்பா, போனா, வாசற்படியா?

2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியது. அந்த மழையில்தான் பேரணாம்பட்டில் வீடு இடிந்து, குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்தார்கள். அப்படியொரு நேரத்தில், அதிகாரிகளை நம்புகிறீர்களா என்று வேலூர் மாவட்டத்து மக்களிடம் எப்படிக் கேட்பது?

வாட்ஸ்அப்பில் படிவம் அனுப்புவது சுலபம், செலவும் இல்லை. ஆனால் கோபத்தில் இருப்பவர்களும் கட்சிக்காரர்களும்தான் முந்திக்கொண்டு நிரப்புவார்கள். நிறையப் பேர் நிரப்பினால் சரியாகிவிடும் என்பது தப்புக்கணக்கு. 1936இல் அமெரிக்காவின் 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை நடத்திய அதிபர் தேர்தல் கருத்துக்கணிப்புக்கு 20 லட்சத்துக்கு மேல் பதில் வந்தது. அப்போதைய அதிபர் ரூஸ்வெல்ட் தோற்பார் என்றது பத்திரிகை, அவர் அமோகமாக ஜெயித்தார். இந்த வழியை நான் ஒதுக்கிவிடுவேன்.

போன் அப்படியல்ல. தண்ணீர் வடியாத தெருவில் இருப்பவரிடமும் முதல் வாரமே பேசலாம். நிவாரணம் வந்த பிறகு அதே ஆளைக் கூப்பிட்டு, மனசு மாறியிருக்கிறதா என்றும் கேட்கலாம். என்ன, பல வீடுகளில் போன் ஆண்கள் கையில்தான் இருக்கும்.

நேரில் போனால் பெண்கள் பேசுவார்கள். ஆனால் எதைப் பேசுவார்கள்? குடியாத்தம் பக்கம் ஒரு கிராமத்தில், மடியில் முறத்தோடு பீடி சுற்றிக்கொண்டிருந்த அக்காவிடம், "அரசாங்கத்த நம்புறீங்களா?" என்றேன். என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தார். "எல்லாம் நல்லாத்தான் செய்யறாங்க." கை நிற்கவில்லை. நிவாரணப் பட்டியலில் பேர் விட்டுப்போகுமோ என்ற பயம் அது. "நான் கவர்மெண்ட் ஆள் இல்லக்கா, பேர் எழுத மாட்டேன்" என்று சொல்லி, வி.ஏ.ஓ. வந்தாரா என்று கேட்டேன். கை நின்றது. "அவரு ராத்திரியே வந்து பள்ளிக்கூடத்தத் திறந்து விட்டாரு. லிஸ்ட் எழுத வந்தவங்கதான்..." அப்புறம் கால் மணி நேரம் பேசினார்.

'அரசாங்கம்' என்று மொத்தமாகக் கேட்டிருந்தால் இது கிடைத்திருக்காது. வி.ஏ.ஓ., நர்ஸம்மா, ரேஷன் கடை, கலெக்டர் என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். பேரணாம்பட்டில் உருது தெரிந்த ஒரு பெண்ணையும் கூட அழைத்துப் போக வேண்டும்.

என்னைக் கேட்டால், முதல் வாரம் போன். தண்ணீர் வடிந்து, பட்டியல் ஒட்டிய பிறகு வாசற்படி. காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் வாசற்படியே. ஆனால் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு உள்ளே நுழையும் முன், யார் அனுப்பிய ஆள் என்பதை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.