ஃபோர்ட் காக்டெய்ல் டூர்: பணம் கட்டுவதற்கு முன் படியுங்கள்

மும்பை ஃபோர்ட், காலா கோடா பக்கம் காக்டெய்ல் டூர் (கைடோடு பார் பாராகப் போய்க் குடிக்கும் சுற்று) போன மாட்டுங்கா நண்பர்கள் ஆறு பேர் தலைக்கு 3,500 ரூபாய் கட்டி ஏமாந்து திரும்பியிருக்கிறார்கள். நான்கு பார், ஐந்து காக்டெய்ல் என்று பேச்சு. 1933இல் திறந்த தாஜ் ஹோட்டல் ஹார்பர் பாரும் அதில் உண்டு என்றார்கள். அங்கே வெளியே நின்று போட்டோ எடுத்ததோடு சரி. இன்னும் இரண்டு ‘பார்’ ஒரே முதலாளியின் மாடியும் கீழ்த்தளமும். வரவேற்பு லெமன் சோடாவையும் ஐந்தில் ஒன்றாகக் கணக்கு வைத்துவிட்டார்கள்.

மொஹிட்டோ என்ற ரம் காக்டெய்லில் நடந்ததுதான் அநியாயம். ஆறு கிளாஸும் இரண்டே நிமிடத்தில் மேஜைக்கு வந்தன. புதினாவை ஒவ்வொரு கிளாஸிலும் நசுக்கி, எலுமிச்சை பிழிந்து, ரம் அளந்து, கடைசியில் சோடா ஊற்றினால் அவ்வளவு சீக்கிரம் முடியாது. முன்கூட்டியே ஜக்கில் கலந்து வைத்த சரக்கு அது. புதினா ஓரம் கறுத்திருந்ததே காட்டிக்கொடுத்தது. விளிம்புவரை பொடி ஐஸ், தூக்கலாகச் சர்க்கரைப் பாகு. இந்த இரண்டும் சேர்ந்தால் 60 மில்லி ரம் 20 மில்லியாகக் குறைந்தாலும் நாக்குக்குப் பிடிபடாது. அதனால் முத்திரை போட்ட 30, 60 மில்லி அளவையில் கண்ணெதிரே ஊற்றச் சொல்லுங்கள். தயங்கினால் அந்த இடம் வேண்டாம்.

வயதைக் கேட்காமலே பணம் வாங்கியிருக்கிறார்கள். மகாராஷ்டிராவில் பீர், ஒயினுக்கு 21, ஜின், ரம், விஸ்கிக்கு 25. கூடப் போன 23 வயதுத் தம்பியை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள், பணமும் திரும்பவில்லை. அங்கே குடிப்பதற்கு வாங்க வேண்டிய ஒரு நாள் பர்மிட் சில்லறைக் காசில் முடிகிற விஷயம்; அதற்குத் தலைக்கு 200 கறந்திருக்கிறார்கள். சர்வீஸ் சார்ஜைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது என்று 2022லேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது. எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கைடுக்கு ஊரே தெரியவில்லை. காலா கோடாவில் ஆளில்லாமல் நிற்கும் குதிரைச் சிலையைக் காட்டி, மேலே இருந்த ராஜா உடைந்து விழுந்துவிட்டார் என்றாராம். முன்பு அங்கே இருந்த, குதிரைமேல் அமர்ந்த ஆங்கிலேய மன்னர் ஏழாம் எட்வர்ட் சிலை 1965இல் மும்பையின் பைகுலா பகுதிக்குப் போய்விட்டது. இப்போது நிற்பது 2017இல் வைத்த புதுக் குதிரை. முன்பதிவுக்கு முன் போனில் இதைக் கேட்டாலே ஆளின் தரம் தெரிந்துவிடும்.

பார்களின் பெயர், ஒவ்வொன்றிலும் என்ன பானம், எத்தனை மில்லி, ரத்தானால் எவ்வளவு திரும்பும் என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். யுபிஐயில் கம்பெனி பெயர் இல்லாமல் தனிஆள் பெயர் வந்தால் பணம் போடாதீர்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பில்லோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் பதியலாம்.