குற்றத்தின் வேர் ஊரிலா, உள்ளத்திலா?

யாழ்ப்பாணத்தில் வாள்வெட்டுச் செய்தி வந்தாலே, "வளர்ப்புச் சரியில்லை" என்கிறோம். உளவியலாளர் ஐசெங்க் 1964இல் வளர்ப்பையும் தாண்டி, ஆளின் உள்ளத்தில் தேடினார்: சிலருக்கு இயல்பிலேயே உந்துதல் அதிகம், தண்டனைப் பயம் மனதில் எளிதில் பதியாது.

சமூகவியல் வேறு இடத்தில் தேடுகிறது. பணமும் மதிப்பும் எல்லோருக்கும் இலக்கு, நேர்வழியோ சிலருக்குத்தான். அந்த இடைவெளியே குறுக்குவழிக்குத் தள்ளுகிறது என்றார் மேர்ட்டன், 1938இல். குற்றமும் நெருங்கிய கூட்டாளிகளிடம் கற்றுக்கொள்வதுதான் என்றார் சதர்லாண்ட். வெளிநாட்டுக் காசில் வாங்கிய மோட்டார் சைக்கிள்கள் பறக்கும் ஒழுங்கையில் வேலையில்லாமல் நிற்கும் பெடியனை நினைத்தால், எனக்கு மேர்ட்டன் சொன்னதுதான் கூடப் பொருந்துகிறது. சரி, அதே வீட்டில் வளர்ந்த அவன் தம்பி ஏன் வாளைத் தொடவில்லை? அதற்கு மேர்ட்டன் போதாது. ஐசெங்கிடம் திரும்பத்தான் வேண்டும்.