ஃபினாலே லிகூரேயா, மாஸ்ஸா மரீத்திமாவா?

இத்தாலியில் மலைச் சைக்கிள் ஓட்ட ஒரு வாரம்தான் இருக்கிறது. லிகூரியக் கடற்கரையின் ஃபினாலே லிகூரேக்குப் போவதா, டஸ்கனியின் மாஸ்ஸா மரீத்திமாவுக்கா?

ஃபினாலேயின் சுகமே இறக்கம்தான். சைக்கிளையும் நம்மையும் வேனில் ஏற்றி, பழைய நேட்டோ தளம் இருக்கும் சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் விட்டுவிடுவார்கள். மேலே பீச் (beech) மரக்காடு, பிறகு செஸ்ட்நட், அப்புறம் மூலிகை மணக்கும் புதர்க்காடு, கடைசியில் கடல். ஒரே இறக்கத்தில் காடு இத்தனை முறை மாறுவது எனக்குப் பெரிய அதிசயம். பெரும்பாலும் இறக்கங்களில் நேரம் கணக்கிடும் மலைச் சைக்கிள் பந்தயமான எண்டுரோவின் உலகத் தொடர் தொடங்கிய 2013-இல் இறுதிச் சுற்று இங்கேதான் நடந்தது. ஆனால் சுண்ணாம்புப் பாறை மழையில் நன்றாக வழுக்கும். பிரேக்கில் நம்பிக்கை வராதவர்கள் முதல் நாளே எளிய பாதையாகக் கேட்டுத் தொடங்குங்கள்.

மாஸ்ஸா மரீத்திமாவில் மிதித்துத்தான் ஏற வேண்டும். ஒரு காலத்தில் செம்பும் வெள்ளியும் தோண்டிய குன்றுகள் அவை. ஓக் காட்டுக்குள் ஏறி இறங்கி வளைந்து போகும் ஒற்றையடிப் பாதைகள். மாலையில் 13-ஆம் நூற்றாண்டுப் பேராலயத்தின் படிக்கட்டில் கால் நீட்டி உட்காரலாம். இலையுதிர் காலத்தில் போனால் காட்டுப்பன்றி வேட்டை நடக்கும் நாட்களை உள்ளூரில் விசாரித்துவிட்டுக் காட்டுக்குள் போங்கள்.

கோடையில் இரண்டு இடமும் வெயில்தான், வசந்தம் நல்லது. முன்னும் பின்னும் அதிர்வு தாங்கும் முழு சஸ்பென்ஷன் சைக்கிள் இருந்தால் ஃபினாலே. முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள சாதாரண ஹார்ட்டெயிலும் பழகிய கால்களும் இருந்தால், தயங்காமல் மாஸ்ஸா மரீத்திமா.