பழைய பாலியோவுக்குப் புது மூளை: காரைக்குடி பட்டறை அனுபவம்

என்னுடையது ஃபியட் பாலியோ 1.6 ஜிடிஎக்ஸ் கார். இருபது வருஷத்துக்கு முந்தைய 100 குதிரைத்திறன், இப்போது நொண்டிக் குதிரை. வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டை மாற்றி, இன்ஜின் ஹெட்டையும் போர்ட் செய்து (காற்றுப் பாதைகளைச் செதுக்கிச் சீராக்கி), கூடவே ஸ்டாண்டலோன் ஈசியு, அதாவது இன்ஜினை ஆட்டிவைக்கும் தனிக் கம்ப்யூட்டர், வேண்டும் என்று பட்டறையில் போய் நின்றேன். மெக்கானிக் தம்பி, "அண்ணே, முதல்ல கம்ப்ரஷன் பார்ப்போம், அப்புறம் கம்ப்யூட்டர்" என்றார். சிலிண்டருக்குள் அழுத்தம் சரியாக நிற்கிறதா என்று பார்ப்பதுதான் அந்தக் கம்ப்ரஷன் சோதனை. அங்கேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது, ஏனென்றால் தேய்ந்த இன்ஜினில் எந்த மேப் (ஈசியுவுக்கான எரிபொருள், டைமிங் அட்டவணை) போட்டாலும் வீண்தான்.

டியூனிங்தான் அசல் வேலை. புகையை வைத்துக் காற்று எரிபொருள் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் மாட்டி, தேவகோட்டை ரோட்டில் மடிக்கணினியோடு ஓட்டிப் பார்த்து, முழு ஆக்ஸிலரேட்டரில் அந்த விகிதத்தை 12.5 பக்கம் (எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 12.5 பங்கு காற்று) கொண்டுவந்தார். 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் என்றால் கொஞ்சம் கூடுதலாகப் பீய்ச்ச வேண்டும், அதையும் கணக்கில் எடுத்தார். நம்ம ஊர் மே மாத வெயிலில் உள்ளே போகும் காற்றே கொதிக்கும், நாக்கிங் (எரிபொருள் கலவை தாறுமாறாக வெடித்து இன்ஜின் தட்டுவது) வராமல் இருக்க இக்னிஷன் டைமிங்கைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, ஸ்பார்க் சற்றுத் தாமதமாக வரும்படி செய்துவிட்டார்.

குறை? பத்து நாள் என்றது ஒன்றரை மாதம். "காரை வித்துட்டியாப்பா?" என்று ஆச்சி தினமும் கேட்டார்கள். ஏசி போட்டால் ஐடில் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் ஓட்டம்) இன்னும் லேசாகத் தடுமாறுகிறது. மைலேஜ் பற்றிக் கேட்காதீர்கள். ஆனால் 4000 ஆர்பிஎம் தாண்டியதும் வருகிற அந்த இழுப்பு, அடடா!